உங்களுக்கு உண்மையில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும்? ஓர் அகராதியை வைத்து வீட்டிலேயே கணக்கிடும் முறை

ஒரே மாலையில் இரண்டு இணையத் தேர்வுகளை எழுதிப் பார்த்தேன். எனக்கு 9,000 ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்று ஒன்று சொன்னது, 22,000 என்று மற்றொன்று சொன்னது. இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; அதற்குள் 13,000 சொற்களை யாரும் கற்றுவிட முடியாது. இரண்டு தேர்வுகளும் தம்மளவில் பிழையற்றவையாக இருக்கலாம் என்பதும், அவை எண்ணிய பொருள்களே வேறு என்பதும் பின்னரே விளங்கியது. எதை ஒரு சொல் என்று எண்ணுகிறோம், எதைத் 'தெரியும்' என்று ஒப்புக்கொள்கிறோம் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யாமல் எடுக்கும் எந்த எண்ணையும் நம்ப இயலாது. இந்த வழிகாட்டி அந்த இரண்டு முடிவுகளில் தொடங்கி, ஓர் அகராதி, ஒரு நோட்டு, ஓர் அஞ்சலட்டை ஆகியவற்றைக் கொண்டு நம்பத்தக்க ஒரு கணக்கை எடுக்கும் முறையை விளக்குகிறது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1940-இல் ராபர்ட் சீஷோர், லோயிஸ் எக்கர்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பெரிய அகராதி ஒன்றிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, கல்லூரி மாணவருக்குச் சராசரியாக 1,50,000-க்கும் மேற்பட்ட சொற்கள் தெரியும் என்று எழுதினார்கள். 1990-இல் நியூசிலாந்தில் கோல்டன், பால் நேஷன், ரீட் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் வேறு விதிகளின்படி எண்ணி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட படித்தவர்களுக்கு ஏறத்தாழ 17,000 அடிப்படைச் சொற்களே தெரியும் என்றார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பிரைஸ்பார்ட் குழுவினர், 20 வயது அமெரிக்கர் ஒருவருக்குச் சராசரியாக 42,000 சொற்கள் தெரியும் என்றும், ஒரே அடிச்சொல்லிலிருந்து பிறந்தவற்றைக் குடும்பம் குடும்பமாகத் தொகுத்தால் ஏறத்தாழ 11,100 சொற்குடும்பங்களாகச் சுருங்கும் என்றும் காட்டினார்கள். ஒரே ஆய்வில், ஒரே மனிதரின் ஒரே அறிவுக்கு 42,000 என்றும் 11,100 என்றும் இரண்டு எண்கள் வருவதைக் கவனித்தால், அலகை முடிவு செய்வது ஏன் முதல் வேலை என்பது புரியும்.

எது ஒரு சொல்?

தமிழ் தெரிந்தவருக்கு இதை விளக்குவது எளிது. படி, படித்தான், படித்தாள், படிக்கிறார்கள், படிப்பான் ஆகியவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணினால், ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தைக்கும் இலட்சம் சொற்கள் தெரியும் என்று வந்துவிடும். எனவே அவற்றையெல்லாம் 'படி' என்ற ஒரே வினையின் கீழ் எண்ணுவோம். இன்னும் ஒரு படி மேலே சென்று படிப்பு, படிப்பாளி, படிப்பினை ஆகியவற்றையும் அதே வீட்டில் சேர்க்கலாமா என்பதே அடுத்த கேள்வி. ஆங்கிலத்திலும் இதே நிலைதான். 'டெவலப்', 'டெவலப்டு', 'டெவலப்பிங்' ஆகியவை ஒரே அகராதிச் சொல்லின் வடிவங்கள். 'டெவலப்மென்ட்', 'டெவலப்பர்' ஆகியவற்றையும் சேர்த்தால் அது ஒரு சொற்குடும்பம். தம் எண்ணைப் பெரிதாகக் காட்ட விரும்பும் தேர்வுகள் வடிவங்களை எண்ணுகின்றன. மொழி கற்பிப்பதைப் பற்றி ஆராய்பவர்களில் பலர் குடும்பங்களையே எண்ணுகிறார்கள்.

வீட்டுக் கணக்குக்கு நான் பரிந்துரைப்பதும் சொற்குடும்பத்தைத்தான். விதி ஒன்றே போதும்: அடிச்சொல்லின் பொருளையும் முன்னொட்டு அல்லது பின்னொட்டின் பொருளையும் சேர்த்தாலே பொருள் கிடைத்துவிடுமானால், அதைத் தனிச் சொல்லாக எண்ணக் கூடாது; கிடைக்கவில்லை என்றால் எண்ண வேண்டும். 'அன்ஹேப்பி' என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. ஆனால் 'ஹார்டு' தெரிந்தவர் அதைக் கொண்டு 'ஹார்ட்லி' என்பதன் பொருளை ஊகித்தால், 'கடினமாக' என்று எழுதித் தவறிவிடுவார். உண்மையில் அது 'அநேகமாக இல்லை' என்ற பொருளைத் தருவதால் தனிச் சொல்லாகவே எண்ணப்பட வேண்டும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், சுருக்கக் குறியீடு ஆகியவற்றையும் தனியே பதிவிடப்பட்டிருக்கும் முன்னொட்டு, பின்னொட்டுகளையும் கணக்கிலிருந்து முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். இந்த விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேர்வு நடக்கும்போது அவற்றை மாற்றக் கூடாது.

எது 'தெரியும்'?

சொல்லறிவு என்பது விளக்கைப் போல எரிகிறது அல்லது அணைந்திருக்கிறது என்ற இரண்டே நிலைகளைக் கொண்டதன்று. ஒரு சொல்லைப் பார்த்த நினைவு இருக்கலாம். வாக்கியத்துக்குள் வந்தால் ஒருவாறு புரியலாம். தனியே நின்றாலும் பொருள் சொல்ல முடியலாம். நாமே எழுதும்போது தேவையான இடத்தில் தானாக வந்து நிற்கலாம். எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு நிலைகளில் ஒன்றைக் குறியுங்கள். பார்த்ததே இல்லை என்றால் 'அ'. பார்த்த நினைவு உண்டு, ஆனால் பொருளை உறுதியாகச் சொல்ல முடியாது என்றால் 'ஆ'. பொருளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, அகராதியோடு ஒத்துப் பார்த்துச் சரியென்று தெரிந்தால் 'இ'. அந்தச் சொல்லை வைத்துப் பிழையில்லாத சொந்த வாக்கியம் ஒன்றையும் எழுத முடிந்தால் 'ஈ'.

இந்த முறை முழுவதும் ஒரு நிபந்தனையைச் சார்ந்தே நிற்கிறது: பொருளை அகராதியில் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும் என்று தோன்றும், போதாது. பொருளைப் படித்த மறுகணமே 'ஆமாம், இதைத்தான் நினைத்தேன்' என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும், அதில் பொய் சொல்கிறோம் என்ற உணர்வுகூட இருக்காது. நான் முதன்முறை எழுதாமல் சோதித்தபோது தெரிந்ததாகக் குறித்த சொற்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, மறுநாள் எழுதிச் சோதித்தபோது 'ஆ' நிலைக்கு இறங்கிவிட்டது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கும்போது அகராதியில் உள்ள முதன்மைப் பொருள்களில் ஒன்றைச் சரியாக எழுதினாலே அது தெரிந்த சொல். 'பேங்க்' என்றால் பணம் போடும் இடம் என்று மட்டும் எழுதி, ஆற்றங்கரை என்ற பொருளை விட்டிருந்தாலும் மதிப்பெண் உண்டு. நாம் இங்கே அளப்பது சொல்லறிவின் அகலத்தை. ஆழத்தை அளப்பது வேறு வேலை.

தமிழில் புழங்கும் ஆங்கிலம் என்ற கண்ணி

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. வெளிநாட்டில் தயாரித்த எந்தத் தேர்வும் இதைக் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பேருந்தில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை நாம் பேசும் தமிழில் எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் கலந்திருக்கின்றன. அவை அனைத்தும் நமக்கு இலவசமாகக் கிடைத்த சொத்து என்பது உண்மைதான், ஆயினும் அவற்றுள் சில தமிழுக்குள் வந்தபின் பொருள் மாறிவிட்டன. சோறு போடும் இடத்தை நாம் 'ஹோட்டல்' என்கிறோம். ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி. துணியும் நகையும் வைக்கும் இரும்பு அலமாரி நமக்குப் 'பீரோ'; பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது இழுப்பறைகள் கொண்ட எழுதுமேசை, அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி, இரு நாடுகளிலும் அலுவலகம் என்ற பொருளும் உண்டு. மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் 'ஸ்டெப்னி' வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத் தெருப்பெயர் ஒன்றிலிருந்து பிறந்த வணிகப் பெயர். இந்தியாவில் ஓட்டுநர்கள் அனைவருக்கும் தெரிந்த அந்தச் சொல், இன்று இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு விளங்காது.

இவற்றைவிடத் தந்திரமானது 'சாங்ஷன்'. கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய நாம், அனுமதி வழங்குதல் என்று உடனே எழுதிவிடுவோம்; அது சரியான பொருளே. ஆனால் ஒரு நாட்டின் மீது மற்றொரு நாடு 'சாங்ஷன்' விதித்தது என்று செய்தித்தாளில் வரும்போது, அது அனுமதிக்கு நேர் எதிரான பொருளாதாரத் தடையைக் குறிக்கிறது. பாதி தெரிந்த சொல் முழுவதும் தெரியாத சொல்லைவிடத் தீங்கானது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 'கேட்டமரன்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கட்டுமரம் என்று எழுதத் தோன்றும். நம்முடையது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இணையான இரண்டு அடிப்பாகங்களைக் கொண்ட படகு. சுருட்டிலிருந்து பிறந்த 'செரூட்' இந்தச் சிக்கல் இல்லாமல் பொருள் மாறாது நிற்கிறது.

எனவே கணக்கில் கடைப்பிடிக்க வேண்டிய விதி இது: தமிழ்ப் பேச்சில் வரும் ஆங்கிலச் சொல்லை விலக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் எழுதிய பொருள் ஆங்கில அகராதியில் இருந்தால் மட்டுமே மதிப்பெண் தரலாம். நம் ஊர் வழக்கை மட்டும் எழுதியிருந்தால் 'ஆ'.

அகராதியிலிருந்து மாதிரி எடுத்தல்

பல தமிழ் வீடுகளில் இருக்கும் லிப்கோ ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதியோ, மாணவர்களுக்கான நடுத்தர அளவுள்ள ஆங்கில-ஆங்கில அகராதியோ எதுவாயினும் இதற்குப் பயன்படும். மிகப் பெரிய அகராதியைத் தேட வேண்டாம். 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் இன்று வழக்கொழிந்த சொற்களும் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. அதிலிருந்து மாதிரி எடுத்தால் நேரம்தான் வீணாகும். மிகச் சிறிய கையடக்க அகராதியும் உதவாது. உங்களுக்குத் தெரிந்த சொல் அகராதியிலேயே இல்லாவிட்டால் அது கணக்கில் ஏறாது என்பதால், அகராதியின் அளவே உங்கள் எண்ணுக்குக் கூரையாகிவிடும். ஐந்தில் நான்கு சொற்களுக்கு மேல் தெரிவதாக முடிவு வந்தால், இன்னும் பெரிய அகராதியில் மீண்டும் சோதிப்பது நல்லது.

பெரும்பாலோர் தவறுவது மாதிரி எடுக்கும் இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து, விரல் பட்ட சொல்லைச் சோதிப்பது நேர்மையான முறையாகத் தோன்றும், ஆனால் அதில் இரண்டு சாய்வுகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, அடிக்கடி புரட்டிய அகராதி புரட்டிய இடத்திலேயே திறந்துகொள்ளும். இரண்டாவது, 'செட்', 'ரன்', 'டேக்' போன்ற எளிய சொற்களுக்குப் பொருள்கள் ஏராளமாக இருப்பதால் அவை பத்தி பத்தியாக இடத்தை அடைத்துக்கொள்கின்றன, அரிய சொற்களுக்கோ ஒன்றிரண்டு வரிகளே கிடைக்கின்றன. எனவே விரல் எளிய சொற்களின் மீதே அதிகமாக விழும். எண் தானாக ஊதிவிடும். முற்காலத்து ஆய்வுகள் பலவற்றில் கணக்கு பெருத்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பால் நேஷன் 1993-இல் சுட்டிக்காட்டினார்.

இதைத் தவிர்க்க, சொற்களைத் தேர்ந்தெடுக்காமல் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தில் தொடங்கும் எல்லாத் தலைச்சொற்களையும் சோதிக்க வேண்டும். நீண்ட பதிவுகள் உள்ள பக்கத்தில் ஐந்து சொற்களே இருக்கும், குறுகிய பதிவுகள் உள்ள பக்கத்தில் நாற்பது இருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதால் சாய்வு தானே சரியாகிவிடும். எடுத்துக்காட்டாக, அகராதியில் 1,000 பக்கங்கள் இருப்பதாகவும் நீங்கள் 20 பக்கங்களைச் சோதிக்க முடிவு செய்ததாகவும் வைத்துக்கொள்வோம். ஐம்பது பக்கத்துக்கு ஒரு பக்கம் எடுக்க வேண்டும். தொடக்கப் பக்கத்தை நீங்களே தேர்ந்தெடுக்காமல், 1 முதல் 50 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, வீட்டில் உள்ள குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். 17 வந்தால் 17, 67, 117 என்று தொடங்கி 967-இல் முடியும்.

அந்தப் பக்கங்களில் அஞ்சலட்டையால் பொருள் பகுதியை மறைத்துக்கொண்டு, தலைச்சொல்லை மட்டும் பார்த்து, பொருளை எழுதி, பிறகு அட்டையை நகர்த்திச் சரிபாருங்கள். மேலே சொன்ன விதிப்படி நீக்க வேண்டிய சொற்களை நீக்கிவிடுங்கள். 20 பக்கங்களில் 440 சொற்கள் எஞ்சி, அவற்றுள் 164 சொற்களுக்கு 'இ' அல்லது 'ஈ' கிடைத்திருந்தால், 164-ஐ 50-ஆல் பெருக்க வேண்டும். 8,200 சொற்குடும்பங்கள் என்பது உங்கள் மதிப்பீடு. 'ஈ' மட்டும் 70 என்றால், எழுதவும் பேசவும் எடுத்தாளக்கூடிய சொற்கள் 3,500. இவ்விரு எண்களையும் ஒருபோதும் கூட்டி ஒன்றாக்காதீர்கள். வாசிப்பவராகிய நீங்களும் எழுதுபவராகிய நீங்களும் எவ்வளவு தொலைவில் இருக்கிறீர்கள் என்பதை அவை தனித்தனியே நிற்கும்போதுதான் காண முடியும்.

மாதிரி என்பது மாதிரியே என்பதால், இந்த எண்ணில் எவ்வளவு ஆட்டம் உண்டு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. சோதித்த பக்கங்களில் 1, 3, 5 என்ற வரிசையில் வரும் பத்துப் பக்கங்களைத் தனியாகவும், 2, 4, 6 என்று வரும் பத்துப் பக்கங்களைத் தனியாகவும் கூட்டுங்கள். முதல் பாதியில் 88-உம் இரண்டாம் பாதியில் 76-உம் வந்தால், ஒவ்வொன்றையும் 100-ஆல் பெருக்கும்போது 8,800 என்றும் 7,600 என்றும் கிடைக்கும். அப்படியானால் 'எனக்கு 8,200 சொற்கள் தெரியும்' என்று சொல்வதைவிட 'ஏழரை ஆயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில்' என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. பாதிகளுக்கு இடையே வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் இன்னும் இருபது பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 440 சொற்களை ஒரே மூச்சில் சோதித்தால் கடைசி நூறு சொற்களில் களைப்பு பேசத் தொடங்கிவிடும்; மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

போலிச் சொற்களைக் கலந்து சோதித்தல்

இவ்வளவு நேரம் செலவிட முடியாதவர்களுக்கு 'ஆம், இல்லை' தேர்வு உண்டு. சொற்களின் பட்டியல் ஒன்று தரப்படும். தெரிந்த சொல்லுக்கு ஆம் என்று சொன்னால் போதும். நாமே நமக்குச் சலுகை காட்டிவிடாமல் இருக்க, பட்டியலுக்கு இடையில் ஆங்கிலத்தில் இல்லவே இல்லாத, ஆனால் ஆங்கிலம் போலவே ஒலிக்கும் சொற்களைக் கலந்துவிடுவார்கள். இந்த உத்தியை 1980-களில் மொழித்தேர்வுகளுக்குக் கொண்டுவந்து வளர்த்தவர்களில் பால் மியாரா முக்கியமானவர். கென்ட் பல்கலைக்கழகத்தின் இணையத் தேர்வில் 70 உண்மைச் சொற்களும் 30 போலிச் சொற்களும் இருந்தன.

இதை வீட்டிலும் செய்யலாம். ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவரிடம், நீங்கள் பார்க்காத 70 உண்மைச் சொற்களோடு 'ஸ்ட்ரெமினேட்', 'கோர்பிஷ்' என்பன போன்ற 30 போலிகளைக் கலந்து எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மைச் சொற்கள் 70-இல் 56-க்கு ஆம் என்றால் 80 விழுக்காடு. போலிகள் 30-இல் 6-க்கு ஆம் என்றால் 20 விழுக்காடு. பின்னதை முன்னதிலிருந்து கழித்தால் 60 விழுக்காடு எஞ்சும். போலிச் சொற்களுக்கு நீங்கள் சொன்ன ஒவ்வொரு 'ஆம்' என்ற விடையும், உண்மைச் சொற்களுக்குச் சொன்ன 'ஆம்' என்ற விடைகளில் எத்தனை வெறும் ஒலிப்பழக்கத்தால் வந்தவை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இலத்தீன் ஈறுகள் கொண்ட நீண்ட சொற்களைப் போட்டித் தேர்வுக்காக நிறையப் படித்தவர்களே இதில் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் அனுபவம், ஏனென்றால் '-ஏட்', '-ஷஸ்' என்று முடியும் எதுவும் அவர்கள் காதுக்கு ஏற்கெனவே அறிமுகமானதாகத் தோன்றும்.

நான்கு விடைத் தேர்வுகளும் ஊகமும்

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன், டேவிட் பெக்லருடன் இணைந்து 2007-இல் வெளியிட்ட சொல்லளவுத் தேர்வு உலகெங்கும் பயன்படுகிறது. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆங்கிலச் சொற்குடும்பங்களைப் புழக்கத்தின்படி வரிசைப்படுத்தி, ஆயிரம் ஆயிரமாக 14 அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்கு 10 கேள்விகள் வீதம் 140 கேள்விகள் கேட்கிறார்கள். சரியான விடைகளை 100-ஆல் பெருக்கினால் எண் கிடைக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருப்பதால், ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு 80 சொற்கள் உண்மையில் தெரியும், மீதி 60-க்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்கிறார் என்றால், நான்கில் ஒன்று வீதம் 15 விடைகள் தற்செயலாகச் சரியாகிவிடும். அவர் 8,000 என்று வர வேண்டிய இடத்தில் 9,500 என்று பெறுவார். தெரியாத கேள்வியை வெற்றாக விட்டுவிடுவதே இதற்கு எளிய மருந்து.

இந்த அடுக்குத் தேர்வுகள் மற்றொன்றையும் உண்மையென எடுத்துக்கொள்கின்றன: அதிகம் புழங்கும் சொற்களை முதலிலும் அரிய சொற்களைப் பின்னரும் ஒருவர் கற்கிறார் என்பது அது. தாய்மொழியாகக் கற்றவருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பாடப்புத்தகமும் போட்டித் தேர்வுப் பட்டியலும் வழியாக ஆங்கிலம் கற்ற நமக்குப் பொருந்துவதில்லை. 'லொக்வேஷியஸ்' என்றால் வாயாடி என்று தயங்காமல் சொல்பவர், சேலை ஓரத்தை மடித்துத் தைக்கும் மடிப்புக்கு 'ஹெம்' என்றும், சல்லடைக்குச் 'சிவ்' என்றும், அகப்பைக்கு 'லேடில்' என்றும், உமிக்கு 'ஹஸ்க்' என்றும் ஆங்கிலத்தில் பெயர்கள் உண்டு என்பதை அறியாமல் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நம் சமையலறையும் வயலும் தையல் பெட்டியும் தமிழிலேயே இயங்குவதால், அவற்றின் ஆங்கிலம் பள்ளிக்கூடம் வரை வருவதேயில்லை. எனவே அடுக்குத் தேர்வை எழுதும்போது மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த அடுக்கில் எத்தனை தவறின என்று எழுதிப் பாருங்கள். பத்தாவது அடுக்கில் ஏழு சரியாகி நான்காவது அடுக்கில் ஐந்து தவறியிருந்தால், முதலில் நிரப்ப வேண்டிய பள்ளம் எங்கே உள்ளது என்பது தெளிவாகிவிடும்.

கண்ணுக்குத் தெரிந்தது காதுக்கும் தெரியுமா?

மேற்கூறிய அனைத்தும் எழுத்து வடிவச் சோதனைகள். படித்தே ஆங்கிலம் கற்றவர், எழுதிப் பார்த்தால் அடையாளம் காணும் ஒரு சொல்லைக் காதால் கேட்கும்போது புதுச் சொல்லென்று நினைத்துவிடுவதுண்டு. 'எபிடோம்' என்று மனத்துக்குள் படித்து வந்தவர், தொலைக்காட்சியில் 'எபிட்டமி' என்று கேட்டு, அது வேறொரு சொல் என்று எண்ணியிருக்கலாம். எழுத்தில் 'பி' இருந்தும் 'சட்டில்' என்று ஒலிக்கும் சொல்லும் அப்படிப்பட்டதே. உங்கள் மாதிரியில் 'இ', 'ஈ' பெற்ற சொற்களிலிருந்து ஐம்பதைப் பொறுக்கி, ஒலிப்பு வசதியுள்ள இணைய அகராதி ஒன்றில் திரையைப் பார்க்காமல் வேறொருவரை ஒலிக்கவிடச் சொல்லி, கேட்டவுடன் பொருளை எழுதுங்கள். ஐம்பதில் நாற்பதுதான் தேறின என்றால், கேட்டுப் புரியும் சொற்கள் உங்கள் எண்ணில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே.

எண் வந்தபின் அதை எப்படிப் படிப்பது?

2006-இல் பால் நேஷன் செய்த கணக்கின்படி, நாவல், செய்தித்தாள் போன்ற எழுத்தில் வரும் சொற்களில் 98 விழுக்காட்டை அறிந்து படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் வேண்டும். 98 விழுக்காடு என்பது கேட்பதற்கு மிக அதிகமாகத் தோன்றலாம். உண்மையில் அது ஐம்பது சொற்களுக்கு ஒன்று தெரியாமல் இருப்பது. 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் ஆறு. அதுவே 95 விழுக்காடானால் பக்கத்துக்குப் பதினைந்து; அப்போது கதையின் இழை அறுந்துவிடும். மறுமுனையில், மிகச் சில சொற்களே பெரும் வேலை செய்கின்றன. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்தவரான மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்து வெளியிட்ட ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களின் பட்டியல், சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தாங்கிவிடும். உயர்கல்வி நூல்களுக்கென அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த பட்டியலில் 570 சொற்குடும்பங்களே உள்ளன. ஆங்கிலவழிக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் தமிழ்வழி மாணவர், மொத்த எண்ணைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இந்த 570-இல் எத்தனை தமக்கு 'ஈ' நிலையில் உள்ளன என்று பார்ப்பது பயனுள்ளது.

நீங்கள் உண்மையில் படிக்க வேண்டியதையே அளவுகோலாக வைத்து மற்றொரு சோதனையும் செய்யலாம். அது 'தி ஹிந்து' நாளிதழின் தலையங்கமாக இருக்கலாம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளாக இருக்கலாம், அலுவலகத்தில் வரும் ஒப்பந்தமாக இருக்கலாம். தொடர்ச்சியாக 200 சொற்களை எண்ணி எல்லை குறித்து, பொருள் எழுத முடியாத சொற்களின் கீழ் கோடிடுங்கள். நான்குக்குள் இருந்தால் அந்த எழுத்தை அகராதியின்றிப் படிக்கலாம். பத்தைத் தாண்டினால் இப்போதைக்கு அது உங்களுக்குக் கடினமான எழுத்து. இதை ஐந்து வெவ்வேறு பக்கங்களில் செய்து சராசரி எடுங்கள், ஒரே பக்கத்தை நம்ப வேண்டாம்.

நோட்டில் 'ஆ' என்று குறித்த சொற்களைத் தனிப் பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். வடிவம் ஏற்கெனவே மனத்தில் பதிந்து, பொருள் மட்டும் ஒட்டாமல் நிற்பவை என்பதால், புதுச் சொற்களைக் காட்டிலும் குறைந்த உழைப்பில் கைவசமாகக்கூடியவை அவைதாம். ஆறு மாதங்கள் கழித்து மீண்டும் சோதிக்கும்போது அதே அகராதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய அதே விதிகளையும் வைத்துக்கொண்டு, தொடக்கப் பக்கத்தை மட்டும் புதிய சீட்டால் மாற்றுங்கள். பழைய பக்கங்களையே மறுபடி சோதித்தால், முன்பு பார்த்த நினைவு மதிப்பெண்ணில் கலந்துவிடும். புதிய எண் பழையதைவிடச் சில நூறு கூடியிருந்தால் அது மாதிரியின் ஆட்டமாகவும் இருக்கலாம். இரண்டு முறையும் எடுத்த பாதிக் கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்து, புதிய பாதிகள் இரண்டும் பழைய பாதிகள் இரண்டையும் தாண்டியிருந்தால் மட்டும் வளர்ச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள்.